பழைய படங்களுக்குப் புதிய உரிமையாளர்கள்: திருச்சிராப்பள்ளிப் படங்களை முன்வைத்து

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், திருவெள்ளறை ஆகிய ஊர்களைப் பற்றி நூலோ தலவரலாறோ எழுதுபவர்கள் பழைய நிழற்படங்களைத் தேடி இன்று இணையத்துக்குத்தான் செல்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய மலைக்கோட்டைப் படம் ஒன்று கிடைக்கிறது. அதன் குறுக்கே ஒரு படமுகமையின் நீர்க்குறி ஓடுகிறது. கீழே விலைப்பட்டியல்: நூலின் அட்டைக்கு ஒரு விலை, உள்பக்கத்துக்கு ஒரு விலை, இணையதளத்தில் ஓராண்டு வைத்திருக்க இன்னொரு விலை. படத்தை எடுத்தவர் இறந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. அவரை வேலைக்கு அமர்த்திய கிழக்கிந்தியக் கம்பெனி இன்று இல்லை. படத்தில் இருப்பது ஊருக்குப் பொதுவான பாறையும் கோயிலும் குளமும். இருந்தும் படத்தின் அடியில் வட்டமிட்ட ‘சி’ என்னும் பதிப்புரிமைக் குறி இருக்கிறது.

பதிப்புரிமைக் காலம் முடிந்த ஆக்கங்கள் சேரும் நிலையைத் தமிழில் ‘பொது உரிமைப் பரப்பு’ என்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இதைவிட அறிமுகமான சொல் ‘நாட்டுடைமை’. இரண்டும் ஒன்றல்ல. நாட்டுடைமையில் உரிமை உள்ளவரிடமிருந்து அரசு அதைப் பெற்று மக்களுக்கு விடுகிறது. பாரதியாரின் படைப்புரிமை அப்படித்தான் 1949இல் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது. பொது உரிமைப் பரப்பில் யாரும் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. சட்டம் வகுத்த ஆண்டுகள் கழிந்தவுடன் உரிமை தானாக அற்றுப்போகிறது. இதை அறிவிக்கும் அரசாணை கிடையாது, விழா கிடையாது, பட்டியலும் கிடையாது. ஓர் ஆக்கம் பொதுவுக்கு வந்துவிட்டது என்று உரக்கச் சொல்ல யாருமில்லாத அந்த இடத்தில்தான் உரிமை கோருபவர்கள் நுழைகிறார்கள்.

1858ஆம் ஆண்டுப் படங்கள்

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதியின் மிகப் பழைய நிழற்படங்களில் முதன்மையானவை லின்னேயஸ் ட்ரைப் எடுத்தவை. 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த ட்ரைப், கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1855இல் பர்மா சென்ற தூதுக்குழுவுடன் போய் அந்நாட்டைப் படமெடுத்தார். அதன்பின் சென்னை அரசு அவரைத் தன் நிழற்படக்காரராக நியமித்தது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டவர் சேலம் வட்டாரம், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிவிட்டு 1858இல் சென்னை சேர்ந்தார். கருவிகளும் வேதிப்பொருள்களும் மாட்டுவண்டிகளில் சென்றன. ஐயாசாமி என்ற உதவியாளர் அவரிடம் பணிபுரிந்தார். படங்கள் மெழுகேற்றிய காகித நெகடிவ்களில் எடுக்கப்பட்டு, சென்னையில் படிகளாக்கப்பட்டு, ஊர்வாரியான தொகுதிகளாக வெளியாயின. ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று, திருச்சிராப்பள்ளிக்கு ஒன்று எனத் தனித்தனித் தொகுதிகள் உண்டு.

செலவு முழுவதும் சென்னை அரசினுடையது; அதாவது சென்னை மாகாணத்து வரிப்பணம். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவல்யன் இந்தச் செலவு வேண்டாததென்று கருதி வேலையை நிறுத்தச் சொன்னார். அத்துடன் ட்ரைப்பின் பெரிய முயற்சிகள் முடிந்தன. அவர் 1902இல் இறந்தார்.

அடுத்த பத்தாண்டுகளில் வேறு சிலர் வந்தார்கள். உதகமண்டலத்தில் படநிலையம் வைத்திருந்த எட்மண்ட் டேவிட் லயன் 1867, 1868ஆம் ஆண்டுகளில் தென்னாட்டுக் கோயில்களை அரசுக்காகப் படமெடுத்தார். அவற்றில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் உண்டு. சாமுவேல் போர்ன் எடுத்த மலைக்கோட்டைப் படமும் பெயர்பெற்றது. லயன் 1891இலும் போர்ன் 1912இலும் இறந்தனர்.

இந்தப் படங்களுக்கு மாற்று இல்லை. ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்று, 1987இல்தான் 236 அடி உயரத்துக்கு எழுந்து குடமுழுக்குக் கண்டது. மொட்டைக் கோபுரமாக அது நின்ற காலத்தின் தோற்றம் இனி எந்தக் கேமராவுக்கும் கிடைக்காது. கோயில் மண்டபத் தூண்கள் வெள்ளையடிப்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் முன்பு எப்படி இருந்தன, தேர்வீதிகளில் என்ன வீடுகள் இருந்தன, காவிரிக் கரையில் எங்கெங்கே மரம் இருந்தது என்பதற்கெல்லாம் இப்படங்களே சாட்சி. இன்றைய மலைக்கோட்டையை யாரும் கைபேசியில் எடுத்துக்கொள்ளலாம். கட்டடங்களைப் படமெடுத்து வெளியிடுவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அனுமதிக்கிறது. 1858ஆம் ஆண்டு மலைக்கோட்டைக்கு அந்த வழி இல்லை.

உரிமை எப்போது முடிந்தது

ட்ரைப்பின் படங்களுக்கு எந்தச் சட்டத்தைக் கொண்டு கணக்குப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். பிரிட்டனில் நிழற்படங்களுக்குச் சட்டப்படியான பதிப்புரிமை வந்ததே 1862ஆம் ஆண்டின் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டத்தில்தான். ட்ரைப் ஸ்ரீரங்கத்தில் முக்காலி ஊன்றியபோது அந்த உரிமை பிறக்கவேயில்லை. இதை ஒதுக்கிவிட்டு இன்றைய பிரிட்டிஷ் விதியான ‘ஆயுளும் எழுபது ஆண்டும்’ என்பதை அவருக்குப் பொருத்தினாலும் 1972ஆம் ஆண்டோடு காலம் முடிகிறது. இந்திய விதியான ‘ஆயுளும் அறுபது ஆண்டும்’ என்றால் 1962.

இந்தியச் சட்டத்தில் நிழற்படங்களுக்கு இந்த ஆயுட்கணக்கு புதியது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, படம் வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் என்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது 60 ஆனது. 2012இல் அந்தப் பிரிவையே நீக்கி, எடுத்தவரின் ஆயுளோடு அறுபது ஆண்டு என்றாக்கினார்கள். அதற்குள் காலம் முடிந்திருந்தவை முடிந்தவைதான். திருத்தம் அவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. எனவே இந்தியாவில் 1951 வரை வெளியான நிழற்படங்கள் பொதுவானவை. அரசு வெளியிட்ட படங்களுக்கு 28ஆம் பிரிவின்படி வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வெளியிடப்படாமல் வீட்டுப் பெட்டியிலும் படநிலையத்து அலமாரியிலும் கிடந்த படங்களின் கணக்கு வேறு.

இத்தனை விதிகளையும் உள்ளூர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ கோயில் மலர் அச்சிடும் அறங்காவலரோ தெரிந்துவைத்திருக்க வாய்ப்பில்லை. படமுகமைகளுக்குத் தெரியும்.

படியும் படைப்பும்

பழைய படம் பொதுவானது என்பதை நேராக மறுப்பவர்கள் குறைவு. ‘படம் பழையதுதான், ஆனால் நாங்கள் எடுத்த மின்வருடல் புதியது, அதற்கு எங்களுக்கு உரிமை உண்டு’ என்பதே அவர்கள் வாதம். இதைச் சோதிக்கத் திருவெள்ளறை நல்ல இடம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர்ச் சாலையில் இருக்கும் திருவெள்ளறையில், ஸ்வஸ்திக வடிவில் நான்கு புறமும் படிவரிசை இறங்கும் கிணறு ஒன்று உள்ளது. ஊரார் நாலுமூலைக் கேணி என்பார்கள். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டி, ஆலம்பாக்கத்து விசயநல்லூழான் தம்பி கம்பன் அரையன் தோண்டியது. அதற்கு மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயரிட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. வாழ்வின் நிலையாமையைச் சொல்லும் தமிழ்ப் பாட்டு ஒன்றும் அங்கே கல்லில் உள்ளது. கல்வெட்டாய்வாளர்கள் அதன் மேல் ஈரக்காகிதம் ஒற்றி, மை தட்டி, மைப்படி எடுத்துப் படித்து அச்சிட்டார்கள். மைப்படி எடுப்பது எளிய வேலையல்ல. வெயிலில் காகிதம் காய்ந்துவிடும், காற்றில் கிழியும், பாசியும் சுண்ணாம்பும் எழுத்தை மறைக்கும். ஆனால் நல்ல மைப்படியின் சிறப்பே எடுத்தவரின் கை அதில் தெரியாமல் இருப்பதுதான். மைப்படி எடுத்தவர் அந்தப் பாட்டுக்கு ஆசிரியர் ஆவதில்லை. அப்படி ஒருவர் கேட்டதும் இல்லை. பாட்டைப் படித்து அவர் எழுதும் விளக்கவுரை அவருடையது. ஒற்றியெடுத்த எழுத்து அவருடையது அல்ல.

மின்வருடலும் இதே வகை. அதில் ஒளியைச் சமன்செய்வதும் நிறத்தைச் சரிபார்ப்பதும் மூலத்துக்கு உண்மையாக இருப்பதற்காகத்தான். மூலத்திலிருந்து விலகாமல் இருப்பதே நோக்கம் என்றால், அங்கே படைப்பு எங்கிருந்து வரும்?

ட்ரைப்பின் வேலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். வானம் வெறும் வெள்ளையாக விழுவது அக்கால நிழற்படங்களின் குறை. ட்ரைப் நெகடிவின் மேலேயே தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை நீளவாக்கில் நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே காட்சியாக்கினார். கல்வெட்டு சோழர்களுடையது, எந்த ஒளியில், எவ்வளவு தூரத்தில், எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்ற தேர்வு ட்ரைப்புடையது. அதற்கு ஒருகாலத்தில் உரிமை கேட்டிருந்தால் நியாயம் உண்டு. அந்த 19 அடியைத் தட்டையாக வைத்து வருடியவர் சேர்த்தது என்ன என்று கேட்டால், கோப்பின் அளவைத்தான் சொல்ல முடியும்.

நீதிமன்றங்களும் இதையே சொல்லியிருக்கின்றன. நியூயார்க்கில் 1999இல் முடிந்த பிரிட்ஜ்மேன் ஆர்ட் லைப்ரரி – கோரல் வழக்கில், பழைய ஓவியங்களின் நேர்ப்படிகளான நிழற்படங்களுக்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என்று நீதிபதி லூயிஸ் கேப்லன் தீர்ப்பளித்தார். பிரிட்டிஷ் நிறுவனங்கள் பல ஆண்டுகள் ‘அது அமெரிக்கத் தீர்ப்பு’ என்று தள்ளிவைத்தன. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிஹெச்ஜே – ஷெரிடன் வழக்கில், ஆக்கியவரின் சுதந்திரமான தேர்வும் தனி முத்திரையும் இருந்தால்தான் பதிப்புரிமை என்றது. அது பழம்படங்கள் பற்றிய வழக்கல்ல. ஆனால் அது வைத்த அளவுகோலில் நேர்ப்படிகள் தேறுவது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு ஆணையின் 14ஆம் கூறில் இதை நேரடியாகவே எழுதிவிட்டது: காலம் முடிந்த காட்சிக்கலை ஆக்கத்தின் படிக்கு, அது தானே ஒரு புதிய படைப்பாக இல்லாதவரை, உரிமை கிடையாது.

இந்தியாவில் அளவுகோல் 2007 டிசம்பரில் வந்தது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி – டி.பி. மோடக் வழக்கில், உழைப்பும் செலவும் மட்டுமே பதிப்புரிமை தந்துவிடாது, சிறிதளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்புகளைச் செப்பனிட்டு அச்சிடுவோர் பற்றிய வழக்கு அது. ஆனால் ‘நாங்கள் பாடுபட்டோம், ஆகவே எங்களுடையது’ என்ற வாதத்தை அது மூடிவிட்டது. மின்வருடலுக்கு உரிமை கேட்பவர்களிடம் இருப்பது அந்த ஒரே வாதம்தான்.

கூலியும் உரிமையும்

பொது உரிமைப் பரப்பிலுள்ள படத்தை விற்பதே தவறு என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. திருக்குறளை அச்சிட்டு விற்காத பதிப்பகம் தமிழ்நாட்டில் குறைவு. அதற்கு விலை வைப்பதை யாரும் குறை சொல்வதில்லை. தாளுக்கும் அச்சுக்கும் கட்டுக்கும் காசு வேண்டும். பெருங்கிணற்றில் தண்ணீர் இறைத்து வீடுவீடாகச் சுமந்து ஊற்றுபவருக்குக் கூலி உண்டு. அவர் கிணற்றங்கரையில் நின்று மற்றவர் குடத்தைத் தடுத்தால்தான் வழக்கு.

படமுகமைகள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே கலக்கின்றன. தேடித்தருவது, பெரிய கோப்பாகத் தருவது, விரைவாகத் தருவது எல்லாம் சேவை. அதற்குக் கட்டணம் கேட்கலாம். ஆனால் விற்பனைப் பக்கத்தில் ‘சேவைக் கட்டணம்’ என்று எழுதுவதில்லை. ‘உரிமம்’ என்று எழுதுகிறார்கள். எத்தனை பிரதிகள், எந்த நாடு, எத்தனை ஆண்டு என்று நிபந்தனை போடுகிறார்கள். இவையெல்லாம் உரிமையாளர் மட்டுமே போடக்கூடிய நிபந்தனைகள்.

இந்தக் கலப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அமெரிக்காவில் 2016இல் நடந்த வழக்கு காட்டியது. கேரல் ஹைஸ்மித் என்ற நிழற்படக்காரர் தம் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு, மக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த என்று அளித்து வந்தவர். 2015 டிசம்பரில் அவருடைய அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் வந்தது. அலமி என்ற படமுகமையின் சார்பில் வந்த அக்கடிதம், தளத்தில் உள்ள ஒரு படத்துக்கு 120 டாலர் கட்டச் சொன்னது. அந்தப் படம் ஹைஸ்மித் எடுத்தது. விசாரித்தபோது, அவருடைய 18,000க்கும் மேற்பட்ட படங்களைக் கெட்டி இமேஜஸ் விற்பனைக்கு வைத்திருப்பது தெரிந்தது. அவர் நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பொதுவுக்கு வந்த படங்களை விற்பது வழக்கமான தொழில்தான் என்றது கெட்டி. 2016 அக்டோபரில் நீதிபதி ஜெட் ராக்காஃப், பதிப்புரிமை சார்ந்த கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தார். எஞ்சியவை அடுத்த மாதமே சமரசத்தில் முடிந்தன.

தீர்ப்பின் தருக்கம் கசப்பானது. படங்களைப் பொதுவுக்கு அளித்த பின் ஹைஸ்மித்திடம் உரிமை இல்லை. உரிமை இல்லாதவர் உரிமைமீறல் என்று கேட்க முடியாது. அதாவது பொதுச்சொத்தின் மீது யாராவது பொய்யுரிமை கொண்டாடினால், வழக்காட உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. சட்டப் பேராசிரியர் ஜேசன் மசோன் 2006இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இதற்குப் ‘பதிப்புரிமை மோசடி’ என்ற பொருளில் ஒரு சொல்லையே உருவாக்கினார். அமெரிக்கச் சட்டத்தில் பொய்யான உரிமைக்குறிக்கு 2,500 டாலர் வரை அபராதம் உண்டு. ஆனால் அது குற்றவழக்கு. அரசுதான் தொடுக்க வேண்டும்.

அரசு கையை நீட்டினால் என்னாகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படம் வெளியானது. ஆய்வுக்குழுவின் பெயரைக் குறித்தால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வந்த படம் அது. சீனாவின் பெரிய படமுகமையான விஷுவல் சைனா குரூப் அதைத் தன் தளத்தில் ஏற்றி உரிமை கோரியது. மக்கள் துருவியபோது, சீன நாட்டுக்கொடியும் அரசு இலச்சினையும் அதே தளத்தில் விற்பனைக்கு இருந்தன. தளம் மூடப்பட்டது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, 3 லட்சம் யுவான் அபராதம் கட்டியது. கொடி அகப்படாமல் பழைய கோயில் படம் மட்டும் அகப்பட்டிருந்தால் இவ்வளவு விரைவாக எதுவும் நடந்திருக்காது.

அருங்காட்சியகங்களின் நிலை

படமுகமைகளை மட்டும் குறைசொல்வது முழு உண்மையாகாது. ட்ரைப்பின் படங்களைப் பாதுகாத்து வைத்திருப்பவை அருங்காட்சியகங்கள். அவற்றுக்குச் செலவு உண்டு, அவை செய்த பணியும் பெரிது. ஆனால் அவற்றுக்குள்ளேயே ஒரே படத்துக்கு இரண்டு நீதி நிலவுகிறது.

ட்ரைப்பின் இந்திய, பர்மியப் படங்களின் பெரிய கண்காட்சி 2014, 2015ஆம் ஆண்டுகளில் மூன்று இடங்களில் நடந்தது: வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம். வாஷிங்டன் கலைக்கூடம் 2012 முதலே பொதுவான ஆக்கங்களின் படங்களைத் தடையின்றித் தருகிறது. மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரியில் தன்னிடமுள்ள பொதுவான ஆக்கங்களின் படங்களை எவ்வகைப் பயன்பாட்டுக்கும் நிபந்தனையின்றித் திறந்துவிட்டது. லண்டன் அருங்காட்சியகத்தின் இணையப் படங்களின் கீழே மட்டும் அதன் பெயரில் பதிப்புரிமைக் குறி இருக்கிறது. கல்விக்கும் ஆய்வுக்கும் அது தாராளமாகவே நடந்துகொள்கிறது. வணிகப் பயன்பாட்டுக்குத்தான் கட்டணம். ஆனால் தமிழில் வெளியாகும் உள்ளூர் வரலாற்று நூல் ஐந்நூறு பிரதி அச்சிட்டு, இருநூறு ரூபாய் விலை வைத்தால் அதுவும் வணிகப் பயன்பாடாகக் கருதப்படலாம்.

ஒரே நெகடிவிலிருந்து சென்னையில் எடுத்த படிகளில் ஒன்று அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனால் யாருக்கும் பொது, லண்டனிலேயே தங்கினால் தனியுரிமை என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் எந்தக் கோட்பாடும் விளக்காது. அருங்காட்சியகத்திடம் இருப்பது அந்தக் காகிதத்தின் உடைமை. அதைப் பார்க்க வருபவர்களுக்கும் தன் தளத்திலிருந்து கோப்பு பெறுபவர்களுக்கும் அது நிபந்தனை விதிக்கலாம், அது ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாமவர் வேறு வழியில் படத்தைப் பெற்றிருந்தால் அவரை அது கட்டுப்படுத்தாது. பதிப்புரிமைக் குறியின் வேலை இந்த வேறுபாட்டை மறைப்பதே. வருவாயாவது வருகிறதா என்றால், அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களைச் சைமன் டேனர் 2004இல் ஆராய்ந்தபோது, படவிற்பனைப் பிரிவுகள் பெரும்பாலும் தம் செலவையே ஈட்டவில்லை என்று கண்டார்.

படிகளைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. இந்தியா ஆபீஸ் நூலகத்தின் வழிவந்த தென்னிந்தியப் படத்தொகுப்புகளும் அந்நூலகத்தில்தான் உள்ளன. அந்த மாதங்களில் ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தவை அதற்கு முன்பே பிறர் எடுத்துப் பொதுத்தளங்களில் ஏற்றிவைத்திருந்த படிகள். ஏடுகள் பிழைத்ததும் இப்படித்தான்: ஒரு மடத்தில் செல்லரித்தது இன்னொரு வீட்டுப் பரணில் இருந்தது.

இந்தியச் சட்டத்தில் உள்ளதும் இல்லாததும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உரிமையை மீறுபவருக்கு 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. இல்லாத உரிமையை இருப்பதாக ஒரு படத்தின் அடியில் எழுதுபவருக்கென்று தனித் தண்டனைப் பிரிவு எதுவும் வைக்கவில்லை. இந்தச் சமனின்மையே தொழிலின் முதலீடு. பயப்படுபவர் கட்டுவார், பயப்படாதவரால் நட்டம் இல்லை. கேட்கும் தொகையும் பெரும்பாலும் வழக்கறிஞரைப் பார்க்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். 120 டாலர் என்ற எண்ணை அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் 60ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பேசப்படுவது குறைவு. பதிப்புரிமை தனக்கு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கடிதத்தாலோ சுற்றறிக்கையாலோ வேறுவகையிலோ ஒருவர் வழக்குமிரட்டல் விடுத்தால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் செல்லலாம். மிரட்டல் ஆதாரமற்றது என்ற அறிவிப்பும், அது தொடராமல் தடையாணையும், நேர்ந்த இழப்புக்கு ஈடும் கேட்கலாம். மிரட்டியவர் உரிய கவனத்தோடு உரிமைமீறல் வழக்கைத் தாமே தொடங்கி நடத்தினால் மட்டும் இது பொருந்தாது. ட்ரைப்பின் மலைக்கோட்டைக்கு அப்படியொரு வழக்கை எந்த நிறுவனமும் துணிந்து நடத்தப்போவதில்லை. இந்தப் பிரிவின் குறை, அது மிரட்டலை மட்டுமே பார்க்கிறது என்பது. கடிதம் அனுப்பாமல் நீர்க்குறியும் விலைப்பட்டியலும் மட்டும் போட்டு உட்கார்ந்திருப்பவரை அது தொடாது.

தமிழ் அச்சுலகத்தின் பழக்கங்களும் இதற்கு உதவுகின்றன. பழைய படத்தை வெளியிட்டு அதன் கீழே ‘நன்றி: இணையம்’ என்றோ, ஒரு தேடுபொறியின் பெயரையோ போடுவது வார இதழ்களிலும் கோயில் மலர்களிலும் சாதாரணம். எடுத்தவர் பெயரும் ஆண்டும் போனவுடன் படம் அநாதையாகிறது; யார் உரிமை கொண்டாடினாலும் மறுக்க ஆதாரம் கையில் இல்லை. முகநூலில் பழைய திருச்சியின் படங்களைப் பகிரும் பக்கங்கள் சில, நூற்றைம்பது ஆண்டுப் பழைய படத்தின் நடுவே தங்கள் பக்கத்தின் பெயரைப் பெரிதாகப் பொறித்துவிடுகின்றன. ‘எங்கள் படத்தைத் திருடிவிட்டார்கள்’ என்று பின்னூட்டத்தில் சண்டையும் நடக்கிறது. இவர்கள் காசு கேட்பதில்லை என்பது உண்மைதான். மற்றபடி செய்வது படமுகமை செய்வதையே.

மலைக்கோட்டைப் படத்தின் கீழே எழுத வேண்டியது நீளமானதும் அல்ல. இடம், எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப், ஆண்டு 1858, சென்னை அரசுக்காக எடுத்தது, மூலப்படி உள்ள அருங்காட்சியகம், பதிப்புரிமை முடிந்தது: ஒன்றரை வரிக்குள் அடங்கும். அருங்காட்சியகத்தின் பெயர் அதில் படியைப் பாதுகாப்பவர் என்ற நிலையில் வரும். படமுகமையின் பெயர் வரத் தேவையில்லை.